துரை போன வீடு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

துரையை இன்று ஜெயநகரில் விட்டுவிட்டு வந்தேன். எட்டு வயது, ஒரு அடி நீளம், நீல உடம்பில் மஞ்சள் கோடு போட்ட எம்பரர் ஏஞ்சல் என்ற கடல்மீன். காரின் பின்சீட்டில் டிரம்முக்குள் உட்கார்ந்து வழி முழுக்க 'டொக் டொக்' என்று அதட்டிக்கொண்டே வந்தான். வேறு வழியில்லை. நாங்கள் இருக்கும் ஆஸ்டின் டவுன் வீட்டை இடிக்கப்போகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் கிடைத்திருப்பது நாலாவது மாடி ஃபிளாட். துரையின் தொட்டிக்கு அறுநூறு லிட்டர் உப்புத் தண்ணீர், அதற்கு மேல் பாறை என்றதும் ஓனர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஜெயநகர் வெங்கடகிருஷ்ணனிடம் எட்டடித் தொட்டி இருக்கிறது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்து மேசை. முட்டைகூடத் தொடாத மனுஷன், மீனுக்காகக் கையுறை மாட்டிக்கொண்டு இறால் நறுக்குவான். கடல்மீன் வளர்ப்பவர்களுக்குள் எழுதாத விதி ஒன்று உண்டு: நம்பிக் கொடுத்த மீனை இன்னொருவருக்குத் தரக்கூடாது, வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் கொடுத்தவனிடமே சொல்ல வேண்டும். கிளம்பும்போது அதைச் சொன்னேன்.

"என்கிட்டயே சொல்றியாடா இதை?" என்று சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜனவரி 11, சனி

வெங்கட் வீடியோ அனுப்பினான். துரை கடல்பாசித் தாளைக் கிழித்துத் தின்கிறான். நிம்மதி. ஜூலியாவிடம் மூன்று தடவை காட்டினேன். என் மனைவிக்குப் பொறுமை அதிகம்.

ஜனவரி 26, ஞாயிறு

பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். வீட்டில் பெயிண்டிங்காம். போன வாரம் கேட்டபோது மாமியார் வந்திருக்கிறார்கள் என்றான். சரி, அடுத்த வாரம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தூங்குமுன் இதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் பிளாண்ட் ஹெட் முனிராஜ் சார் வீட்டுக் கிருகப்பிரவேசம். ஆபீஸே திரண்டிருந்தது. ஹாலில் புத்தம்புதிய நாலடித் தொட்டி. உள்ளே துரை.

முதலில் வேறு மீன் என்றுதான் நினைத்தேன். முதுகுத் துடுப்புக்குக் கீழே துரைக்கு ஒரு மஞ்சள் கோடு பாதியில் அறுந்து அடுத்த கோட்டோடு சேர்ந்திருக்கும். அது இருந்தது. கண்ணாடியில் விரலை வைத்தேன். நேராக வந்து நின்றான். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு எம்பரர், அவனைவிடப் பெரியது. சாரின் மனைவி ஸ்வர்ணா மேடம் கோலார் பக்கம், தமிழ் நன்றாக வரும். "வெங்கட் சார் குடுத்தது. புது வீட்டுல ஒண்டியா இருக்கக் கூடாதுல்ல? கடையில சொல்லி ஜோடி சேர்த்துட்டோம்" என்றார். தண்ணீர் ஊற்றி நாலு நாள்தான் ஆகிறதாம். புதுத் தண்ணீர் பழகவே மாசக்கணக்கு ஆகும். இந்த ஜாதியில் வளர்ந்த இரண்டை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்று சாகும்வரை அடித்துக்கொள்ளும். நேற்று மீன் வாங்கியவனுக்குக்கூடத் தெரியும் இது.

வெங்கட் கையில் மைசூர்பாகுத் தட்டோடு நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

வெங்கட்டைக் கேன்டீனில் பிடித்தேன். ஏண்டா என்றேன்.

"அவருக்கு மீன்னா ஆசைடா. புரமோஷன் லிஸ்ட் போற நேரம். ஏதாவது பெருசா செய்யணும்னு தோணிச்சு."

"ரெண்டையும் ஒண்ணா விட்டா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். அந்தம்மா ஜோடி ஜோடின்னு சந்தோஷப்படறாங்க, அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? நீ போய்க் கேட்டுடாதடா, என் மானமே போயிடும். லிஸ்ட் வரட்டும், நானே கேட்டு வாங்கித் தர்றேன்."

தெரியும் என்கிறான். தெரியாமல் செய்திருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். தெரிந்தே செய்தவனை என்ன செய்வது?

இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

பிப்ரவரி 13, வியாழன்

ஜூலியா கேட்டாள்: "அவர் மானத்த நீங்க எதுக்குச் சுமக்கிறீங்க?"

பிப்ரவரி 14, வெள்ளி

தனியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் டிரம்மை எடுத்துக்கொண்டு ஜூலியாவோடு முனிராஜ் சார் வீட்டுக்கே போய்விட்டேன். சார் ஊரில் இல்லை. துரை குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தான். வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. இடது கண் பால்போல வெளுத்துவிட்டது.

ஸ்வர்ணா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திகைத்துப்போய், "யாரோ கவனிக்காம விட்ட மீனு, நாந்தான் காப்பாத்தினேன்னு வெங்கட் சார் சொன்னாரே" என்றார்.

யாரோ. எட்டு வருஷம் என் கையால் ஊட்டி வளர்த்தேன். வெங்கட் மகனுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நான் யாரோ.

வலையைக் கொண்டுவந்து கொடுத்தது மேடம்தான். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேனே."

அந்த ஒரு வாரத்தில்தான் கண் போயிருக்கிறது. வெங்கட்டின் மானத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்த வாரம்.

பிப்ரவரி 17, திங்கள்

"நேரா போய் போட்டுக் குடுத்துட்டே, இல்ல?" என்றான் வெங்கட். போட்டுக்கொடுத்தது நானாம். பதினொரு மணிக்கு என் மேசையைக் காலி செய்து, ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

புது ஃபிளாட் பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டி, நூறு லிட்டர். பாதி நாள் தண்ணீர் மாற்றுவதிலேயே போகிறது. இன்று துரை ஒரு துண்டு இறாலை வாங்கிக்கொண்டான். கண் தெரிகிற பக்கமாகத் திரும்பி வந்து வாங்கினான். பிழைத்துக்கொள்வான். ஆனால் இங்கே அவனை வைத்திருக்க முடியாது.

மார்ச் 12, புதன்

வெங்கட் மேனேஜர் ஆகிவிட்டான். கேபின் கொடுத்துவிட்டார்கள். முனிராஜ் சாருக்கு ஹாலில் ஒரு மீன் குறைந்ததே தெரியாது போலிருக்கிறது. கேக் வெட்டினார்கள். நான் கைதட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஃப்ரேசர் டவுனில் நிக்கோல் என்று ஒரு பெண், பல் டாக்டர். முன்பின் தெரியாதவர், மீன்காரர்கள் குரூப்பில் விசாரித்துப் பிடித்தேன். பெரிய தொட்டி, வேறு ஏஞ்சல் ஒன்றும் இல்லை. துரையை இறக்கியதும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பாறைக்குள் போய்விட்டான். விதி எதையும் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன கண்டேன்?

அந்தப் பெண்தான் கேள்வியாகக் கேட்டாள். எப்போது தின்பான், எந்தப் பக்கம் தெரியாது, உப்பு எவ்வளவு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியில், "ஏதாவது அவசரம்னா உங்களைக் கூப்பிடறேன் அங்கிள். நீங்க எடுக்கலைன்னா? இன்னொரு நம்பர் குடுங்க" என்றாள்.

பேங்கோ ஆஸ்பத்திரியோ, யார் இப்படிக் கேட்டாலும் யோசிக்காமல் வெங்கட்டின் நம்பரைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் பாதி சொல்லிவிட்டேன். அவளும் எழுதிவிட்டாள்.

அதை அடித்துவிடச் சொன்னேன். ஜூலியாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.