தண்ணீர் வந்ததென்றே எழுதுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு மாளவிகாவின் நமஸ்காரம். இங்கு நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாயம் கலந்த மெல்லிய பாலிமர் படலத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சாய மூலக்கூறுகளை ஒரே திசையில் திருப்புவதுதான் என் வேலை. முடியும்வரை வேறு வெளிச்சம் படக்கூடாது. செவ்வாய்க்கிழமை அந்த வேலையின் நடுவில் எதிர்வீட்டு தீபா அக்காவின் போன் வந்தது.

"மாளு, நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி. அப்பாவ போட்ல ஏத்திக்கினு போய் ஸ்கூல்ல வுட்டுக்கீறாங்க. பயப்படாத."

போட்டது போட்டபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். வெளிச்சம் பட்டு மூன்று வார வேலை வீணாகிவிட்டது, அவ்வளவுதான். புரொபசர் திட்டவில்லை, "உடனே ஊருக்குக் கிளம்பு" என்றார். மழையால் சென்னைக்கு விமானமே இல்லை.

அப்போதுதான் உங்கள் மெசேஜ் வந்தது: "இங்கே நல்ல மழை. எல்லாம் சௌக்கியம். நீ சாப்பிட்டாயா?" அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு லேப் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வீடு திரும்பிவிட்டீர்களாமே. பி.பி. மாத்திரை நனைந்திருந்தால் புதிதாக வாங்குங்கள். சுவிட்சுகளை ஈரக்கையால் தொடாதீர்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

லேபைப் பூட்டப்போகிறார்கள், முடிக்கிறேன். இனி தண்ணீர் வந்தால், தண்ணீர் வந்ததென்றே எழுதுங்கள் அப்பா. என்னால் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனாலும் எழுதுங்கள்.

உங்கள் மாளு