டிராஃப்டின் முதுகில் ஒரு கையெழுத்து

அண்ணா,

உங்கள் முதலாம் வருட நினைவுப் பூசை முடிந்து பெசன்ட் நகர் வீட்டில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி உங்கள் தோல் ஃபைலைத் திறந்து ஒரு ஜெராக்ஸை என் மடியில் வைத்தார். ஒரு பக்கம் பேங்க் டிராஃப்டின் முகம், மறுபக்கம் அதன் முதுகு. முதுகில், 'என் தங்கைக்குக் கொடுக்கவும்' என்று எழுதிப் போட்ட உங்கள் கையெழுத்து.

"இவ்ளோ பணம் குடுத்த மனுஷனுக்கு ஒரு மாலை வாங்கிட்டு வர மனசு வரலையா உனக்கு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தானம் செய்ததற்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்த வள்ளல் இந்த ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான்.

மேற்கு மாம்பலம் வீட்டை, பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை என்று அப்பா உங்கள் பேருக்கு எழுதினார். ஒன்பது வருடம் அம்மாவுக்குப் படுக்கையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தவள் நான். வீட்டை விற்றபோது, எனக்குத் தருவதாக நீங்கள் சொன்ன பங்கு தனி டிராஃப்டாக வந்தது, அதுவும் உங்கள் பேரில். அந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு சின்ன வீட்டுக்கு லீஸ் பணம் கட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு மதியம், பிரியாணி சாப்பிட்ட கையோடு, அண்ணியின் தம்பிகள் முன்னால் டிராஃப்டைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்திட்டீர்கள். "இந்தா, இனிமே இது உன்னுது. அண்ணன்னா இப்படித்தான் இருக்கணும்." சபாஷை நீங்களே போட்டுக்கொண்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நினைத்தாலே கூசுகிறது.

மறுநாள் மயிலாப்பூர் பேங்கில், கவுண்டரில் இருந்த பெண் டிராஃப்டின் முகத்தில் இருந்த இரண்டு சாய்வுக் கோடுகளைக் காட்டினாள். "மேடம், இது அக்கவுண்ட் பேயீ. சார் கணக்குல மட்டும்தான் விழும். பின்னாடி என்ன எழுதினாலும் செல்லாது."

போன் செய்தேன். "ஐயோ, அப்படியா சொல்றா? கொண்டா, என் கணக்குல போட்டுட்டு உனக்கு செக் தரேன்" என்றீர்கள். கொண்டு வந்து கொடுத்தேன். செக் வரவில்லை; அந்த வெள்ளிக்கிழமை போய், ஏழு மாதமும் போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம், "நான் எழுதிக் குடுத்துட்டேன், இனிமே அவ பாடு" என்றீர்கள். ஒருநாள் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் இன்னும் தகரக் கூரை போட்ட மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன்.

உங்களுக்கா தெரியாது அண்ணா? முப்பது வருடம் அதே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி இதேபோல ஒரு டிராஃப்டோடு உங்களிடம் வந்த கதையை, இரவுச் சாப்பாட்டில் அவள் குரலிலேயே நடித்துக் காட்டினீர்களே. "இன்னா சார், எங்கண்ணன் கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறான், செல்லாதுன்னு சொல்றியே!" கோட்டைக் காட்டித் துரத்திவிட்டேன் என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள்.

அண்ணியிடம் நான் வாதாடவில்லை. பேனா வாங்கி, ஜெராக்ஸில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே அண்ணியின் பெயரை எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். "இதை பேங்க்ல குடுங்க அண்ணி. காசு வந்தா மாலை வாங்கிக்கலாம்."

பணத்தை மறந்துவிடுவேன். உங்களை மறப்பதும் பெரிய காரியமில்லை. ஆனால் அந்த இரவு, உங்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் பேங்க் படியிறங்கி எங்கே போயிருப்பாள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கினால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.