இது அவருக்கு வந்த நோய் இல்லை

தங்கச்சி, எழுந்ததும் ஜன்னலோரம் வந்து உட்கார். பக்கத்தில் நான் இருப்பதாக நினைத்துக்கொள், உன் முடியின் கதையைச் சொல்கிறேன்.

நேற்று சீப்போடு வந்த கொத்தைக் காட்டி, "அவருக்கும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சுது, அடுத்தது நான்தான்" என்றாய். "வாயைக் கழுவுடி" என்று கத்தினேன். "தலை நிறைய முடி வெச்சிருக்க நீ பேசுவே" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

நீ வர மறுத்ததால் நானே போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். உன் புருஷனுக்கு முடி போனது புற்றுநோய் மருந்தால். உனக்கு அப்படியில்லை. பெரிய துக்கம் வந்தால் முடி வளர்வதை நிறுத்தி ஓய்ந்துவிடுமாம், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுமாம். அவர் போய் இப்போது மூன்று மாதம்தானே ஆகிறது. "வேர் சாகலைம்மா, மெல்ல முளைச்சிடும். கூட்டிட்டு வாங்க, ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துடலாம்" என்றார். டோக்கன் வாங்கப் போகிறேன்.

கொட்டுமென்று பயந்து தலைக்குக் குளிக்காமல் இருக்காதே. விழ வேண்டியது எப்படியும் விழும். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பட்டினி கிடந்தால் இன்னும்தான் கொட்டும்.

மறந்துவிட்டேன், குளியலறை அடைப்பெடுக்க பிளம்பர் வருவார். முடியைப் பார்த்து முகம் சுளித்தால், அக்காவுடையது என்று சொல்லிவிடு.

இந்த வீடு ஒரு சாவைப் பார்த்தது போதும். உன் தலை இங்கேயே நரைக்கட்டும், நம் அடுப்பு அணையாதிருக்கட்டும்.