இனிகோவின் தம்பி கடலுக்குக் கூப்பிட்டிருக்கான்

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு, அப்பா எழுதுறேன். மாதா தயவுல நாங்க இருக்கோம், அந்தக் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையலை. இங்கன ரெண்டு நாளா கடல் கலங்கிக் கிடக்கு. போன்ல பேசாம ஏன் கடுதாசின்னு கேப்பே, அம்மா பக்கத்துல இருந்தா இதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது மக்கா.

ஞானஸ்நானத்துல உன்னை ஏந்தின உன் ஞானத்தகப்பன் இனிகோ, சங்கெடுக்க முங்கிக் குளிக்கையில நெஞ்சடைச்சு செத்தான்னுதானே ஊரே நம்புது. அப்படிச் சொன்னது நான்தான். அது பொய். அவன் கடலுக்கடியில, நான் படகுல, அவனுக்குக் காத்துப் போற ஓஸைப் பாத்துக்க வேண்டியவன் குடிச்சிட்டுத் தூங்கிப்போனேன். காத்தடிக்கிற மிஷின் நின்னதுகூடத் தெரியலை. முழிச்சுக் கயித்தை இழுத்தா உயிரில்லாத வெறும் பாரம்தான் வந்தது. பதினோரு வருஷமா சாமியார்கிட்டப் பாவம் சொல்ற ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலயும் இதை மட்டும் விழுங்கிட்டு, அந்த வாயாலேயே நற்கருணை நன்மையும் வாங்கினேன்.

இந்தத் தவக்காலத்துல சொல்லிட்டேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்துட்டு, விஜிலா இன்னும் உம்ம பொய்யைத்தானே நம்பிட்டு இருக்கான்னு கேட்டார். மறுநாளே இனிகோ பெண்சாதி விஜிலாகிட்டப் போனேன். மீன் அறுத்துக்கிட்டிருந்தா, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் கத்தியைக் கீழ வைக்கலை, அழவுமில்லை. மன்னிக்க எனக்கு நாளாகும், போங்கண்ணேன்னு மட்டும் சொன்னா.

இன்னைக்கு மத்தியானம் இனிகோ தம்பி மெல்வின் வந்தான். உள்ள வரலை. நாளைக்கு நாம ரெண்டு பேர் மட்டும் போவோம், அண்ணன் செத்த இடத்தைக் காட்டும், நீரு முங்கிக் குளியும், ஓஸை நான் பாத்துக்கிடுதேன்னான். முகத்துல கோபமில்லை, எதுவுமே இல்லை. சரிலேன்னுட்டேன். அண்ணனுக்கு அங்க வச்சு ஒரு ஜெபம் சொல்லக் கூப்பிடுறானோ, வேற எதுக்கோ, கேக்க எனக்கு வாயில்லை. வரமாட்டேன்னு சொல்லவும் உரிமையில்லை. தருவைகுளத்துக்கு வலை பாக்கப் போறதா அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன், பாரு, இன்னொரு பொய்.

இது உன் கைக்கு வருமுன்ன உனக்குப் போன் வந்தாலும் வரலாம். வந்தா, மெல்வின் மேல யாரையும் கேஸ் கொடுக்க விடாதே, அவனை மனசார மன்னிச்சிரு. நான் திரும்பி வந்து நானே போன்ல பேசினேன்னா, இதை அம்மாவுக்கு நீ வாசிச்சுக் காட்டு. அவகிட்டச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரலை.

ஈஸ்டருக்கு முன்ன பாவசங்கீர்த்தனம் செஞ்சிரு, எதையும் ஒளிக்காதே. இங்கிருந்தே உன் நெத்தியில சிலுவை வரையுறேன், பிதாவும் சுதனும் பரிசுத்த ஆவியும் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஜேசுபாதம்