சோதிக்காமல் மாட்டிய லோயர் ஆர்ம்

மாப்ள,

இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. நேற்று அதில் ஊறப்போட்ட காரின் லோயர் ஆர்ம் இரண்டையும் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரும்பில் விரிசல் இருந்தால், உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். எப்போதும் அப்படிப் பார்த்துவிட்டுத்தானே மாட்டுவோம். கோடு எதுவும் இல்லை. இருந்தும் வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மட்டும்தான் நான் பார்க்கவில்லை.

சேலத்துப் பழைய இரும்புக் கடையில் தேடியெடுத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்து மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏற்றி வந்தோமே, அந்த ஜோடி. நம் பந்தயக் காரின் முன்சக்கரங்களைத் தாங்கப் போகிறவை. துருவைச் சுரண்டி, புது புஷ் அடித்து, பால் ஜாயிண்ட் மாற்றி, பெயிண்டும் பூசிவிட்டேன். மிளகுக் காட்டிலிருந்து நேராக வந்த நீ, "தூள் போட்டுப் பாத்தியா மாப்ள?" என்றாய். மறுவாரம் போட்டி. இன்னொரு நாள் ஊறவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

"பாத்தாச்சு. சுத்தமா இருக்குது."

நீ மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தாய்.

மரவள்ளி பிடுங்கிய காட்டில் ஒத்திகை ஓட்டம், மூன்றாவது சுற்று. இடது ஆர்ம் ஒடிந்து, சக்கரம் மடங்கி, கார் வரப்பில் மோதிக் கவிழ்ந்தது. உன்னை வெளியே இழுத்தபோது வலது மணிக்கட்டு தொங்கியது. ஒடிந்த இடத்தில் பாதிவரை பழைய துரு; விரிசல் முன்பே இருந்திருக்கிறது. நீயும் அதைப் பார்த்தாய். ஓடிவந்தவர்களிடம் நீயே முந்திக்கொண்டாய்: "ரொம்ப வேகமா திருப்பிட்டேனுங்க. எம்மேலதான் தப்பு."

பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. மறுவருடம் நான் ஓட்டினேன். நீ இடது கையால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாய். போன வருடம் ஐப்பசியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் காப்பிப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்கண்ணா," என்றாள், பழத்தைப் பரப்பிக்கொண்டே. "அன்னைக்கே ஆஸ்பத்திரில சொல்லிட்டாரு. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. கேட்டா நீங்க அப்புறம் ஸ்பேனரையே தொடமாட்டீங்கன்னாரு."

பழத்தைப் பரப்பி முடித்து நிமிர்ந்தாள்.

"அந்தக் கையோட அவரால மரம் ஏற முடியலீங்க. நாலு வருசமா மொளகு நாந்தான் ஏறிப் பறிக்கறேன். என்னைக்காவது நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "தையில பறிப்புக்கு நான் ஏணியோட வாரேன் அம்மிணி" என்றேன். கூடையைக் கையிலெடுத்துக்கொண்டு, "வாங்க" என்றாள்.

எனக்காக நீ சொன்ன பொய்யை இன்று அவள் முன்னால் இறக்கி வைத்துவிட்டேன், மாப்ள. உன்னிடம் நான் சொன்ன பொய் மட்டும் என்னிடமே இருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ள நீ இல்லை.