மாமாவின் நல்ல கிருமிகள்

மே 27, செவ்வாய்

கத்திரி நாளையோடு முடிகிறதாம். வெயிலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பால் கம்பெனி லேபில் ஏசி மறுபடி அவுட்.

வெள்ளிக்கிழமை போட்ட சோதனைத் தட்டுகளை இன்று வெளியே எடுத்தேன். இரண்டு வகை.

மாமாவின் பவுடர்: ஒரு புள்ளி இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி.

ஒப்பிட்டுப் பார்க்க, அம்மாவின் வீட்டு மோர்: அம்மை போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக. புள்ளி என்றால் உயிர். அவ்வளவுதான் விஷயம்.

மாமாவின் பாக்கெட் மேல் அச்சு: 'குடலைக் காக்கும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள், உயிருடன்.' ஒன்று கூட இல்லை. ஆச்சரியமும் இல்லை. பெட்டி பெட்டியாக மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். அதற்குள் கால் மணி நேரம் நின்றால் நானே செத்துப்போவேன்.

தட்டுகளைப் போட்டோ எடுத்தேன். யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் 'உனக்குப் பொறாமை மாப்ள' என்பார். போட்டோ போதாது. சபை வேண்டும்.

இனி மாமா = மா. முழுதாக எழுதும் மரியாதை அவருக்கு இல்லை.

மே 28, புதன்

காலையில் அம்மா இரண்டு இட்லி. மதியம் மோர் சோறு. வயிறு சரியாக இருக்கிறதாம். எடை இன்னும் பழையபடி ஏறவில்லை. வளையல் முழங்கை வரை சரிகிறது.

பல் பிடுங்கியதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் ஆரம்பித்தது. வயிற்றில் இருந்த நல்லதையும் சேர்த்து அழித்துவிட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு. டாக்டர் அதற்கு மாத்திரை எழுதினார். மா. வந்தார். எங்கள் பசுமலை வீட்டு வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"மாத்திரையெல்லாம் தூக்கிப் போடு ஆத்தா. விஷத்துக்கு விஷமா? எம் பவுடரப் போடு. நல்ல கிருமி உள்ள போயி கெட்டதப் பூராம் அடிச்சு வெரட்டிரும்."

அண்ணன் பேச்சு. அம்மா மாத்திரையை நிறுத்தினாள். நான் அப்போது கம்பெனி வேலையாகத் திருவாதவூர்ப் பக்கம், ஒரு வாரம். திரும்பி வந்தபோது அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தாள். நாக்கு காய்ந்து, கண் உள்ளே போய். ஐ.சி.யூ. சிறுநீரகம் தப்பியதே பெரிது என்றார்கள்.

இதைக் கூட விட்டிருப்பேன். முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். ஆனால் டிரிப்ஸ் இறங்கி அம்மா எழுந்து உட்கார்ந்த அன்று மா. வந்து போனில் வீடியோ எடுத்தார். 'எந்திரிக்கவே முடியாமக் கிடந்த என் தங்கச்சி. இப்ப பாருங்க. எல்லாம் நம்ம பவுடர்.' டிரிப்ஸ் பாட்டிலைத் தவிர்த்து, முகம் மட்டும். கலைந்த தலையோடு அம்மாவை ஊரே பார்த்தது. இன்னமும் ஓடுகிறது அந்த வீடியோ.

அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன்.

மே 30, வெள்ளி

கேட்காமலே கிடைத்தது சபை.

ஞாயிறு பேரையூரில் சித்தி பிள்ளைகளுக்குக் காதுகுத்து. மா.தான் தாய்மாமன், அவர் மடியில்தான் உட்கார வேண்டும். குடும்ப வாட்ஸப் குரூப்பில் இன்று அவர் குரல்:

"விருந்துக்குத் தயிரு நம்ம பவுடர்லதான். ஒரு பாக்கெட்டு, ஒரு அண்டா பாலு, விடிஞ்சா கத்தி வச்சு வெட்டலாம். உறை மோரெல்லாம் யாரும் கொண்டாராதீக."

உடனே கைதட்டும் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். 'நானே கலக்குகிறேன் மாமா' என்று எழுதினேன். "மாப்ளன்னா மாப்ளதான்" என்று பதில்.

செத்த பவுடரில் பால் உறையாது. விடிந்தால் ஓர் அண்டா வெறும் பால். முந்நூறு இலை. தாய்மாமன் நடு சபையில்.

சித்தி வருத்தப்படுவாள். படட்டும், ஒரு நாள்தான்.

எடுத்துக்கொள்ள வேண்டியது: வேட்டி. சட்டை. லேப் தெர்மாமீட்டர். ஷேவிங் செட்.

மே 31, சனி. பேரையூர்

பஸ்ஸில் ஜன்னலைத் தொட முடியவில்லை, அம்புட்டுச் சூடு. அம்மா கட்டைப்பையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் பால் காய்ந்தது. ஆறவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து, சரியான சூட்டில் பவுடரைக் கொட்டிக் கலக்கினேன். பாக்கெட்டில் அச்சிட்டபடி, இம்மி பிசகாமல். பிறகு 'பால் சூடு ஜாஸ்தி' என்று சாக்கு சொல்ல விடக்கூடாது.

சமையல் மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். "தம்பி, மோரு கொஞ்சம் விட்டா நல்லதுப்பா."

மா. துண்டை உதறினார். "அண்ணே, இது சயின்ஸு. நீங்க கறியப் பாருங்க."

கறியைப் பார்க்கப் போனார்.

இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா, "அண்டாவுக்கு மூடி போட்டாகளான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனாள். வெகு நாளைக்குப் பிறகு எனக்கு நல்ல பசி. இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய் மூடியைத் திறந்தேன். தயிர். கட்டித் தயிர். கரண்டியை நட்டால் நின்றது. ஆடை மஞ்சள் பிடித்து, வாசனையோடு.

மறுபடி கரண்டியை நட்டுப் பார்த்தேன். என் லேப் தட்டு பொய்யா? தட்டு பொய் சொல்லாது.

பிள்ளைகள் மா. மடியில் அலறின. காது குத்தி முடிந்தது. பந்தி. தயிர் வந்ததும் மா. எழுந்து நின்றார்.

"பாத்தீகளா? மோரு உண்டா, ஒண்ணு உண்டா? நம்ம பவுடரு! மாப்ள லேபுல இருக்காப்ள, அவரே சொல்லட்டும். சொல்லுங்க மாப்ள சபையில!"

முந்நூறு முகம் என் பக்கம். சித்தியின் முகமும்.

"நல்லா உறைஞ்சிருக்கு" என்றேன். உறைந்துதான் இருந்தது.

விசில். ஒருவர் எழுந்து, "எனக்கு ரெண்டு பாக்கெட்டு, வாயுத் தொல்லை" என்றார். இன்னொருவர், "எம் மாமியாருக்கும் போடுங்கண்ணே, வாய்க்கும் கேக்குமா?" சிரிப்பு. மா. கையைத் தூக்கி அடக்கினார்.

"எம் மக கல்யாணம் ஆவணியில. அன்னைக்கு எட்டு அண்டா! எல்லாம் நம்ம பவுடர்ல! பாக்கெட் தயிரு, மோரு, ஒண்ணும் மண்டபத்துக்குள்ள வரக்கூடாது. வீடியோ எடுத்துப் போடுவேன், பாருங்க."

திரும்பும் பஸ். அம்மாவின் கட்டைப்பையில் எவர்சில்வர் தூக்குவாளி. காலி. திறந்து மோந்து பார்த்தேன். புளிப்பு.

"என்ன கொண்டாந்த இதுல?"

"மோரு."

"எதுக்கு?"

"எதுக்குக் கொண்டாருவாக? உறை ஊத்தத்தான்."

"ஒன்னைச் சாகடிக்கப் பாத்தவரக் காப்பாத்திட்டியேம்மா."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "எந் தங்கச்சி வீட்டு எலையில வெறும் பால ஊத்தச் சொல்றியா? அவ என்னடா பண்ணா ஒனக்கு?"

"பவுடர் செத்ததுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்புட்டு நாளு தின்னவளுக்குத் தெரியாதா?"

தங்கச்சி என்பது சாக்கு. அண்ணன் பாசம். ரத்தம். இவளுக்காக நான் கறுவிக்கொண்டு திரிகிறேன்.

ஜூன் 2, திங்கள்

லேப். பேரையூர்த் தயிரைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வீட்டு மோரில் இருக்கும் அதே கிருமிதான். தெரிந்ததுதான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மா. புது வீடியோ: என் முகம். 'நல்லா உறைஞ்சிருக்கு' என்று நான். கீழே 'உணவு விஞ்ஞானி'. மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனி பேரைக் கெடுக்கிறாயா என்று ஏசினார். இரவுச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன்.

அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். முழுதாகப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"முன்ன என்னய. இப்ப ஒன்னயவா" என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 4, புதன்

தூறல் மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. புழுக்கம்.

மாலையில் மா. போன், அம்மாவுக்கு. ஸ்பீக்கரில்.

"ஆத்தா, கல்யாணத்துக்கு முத நாளே வந்துரு. அத்தக்காரி நீ இல்லாம எப்படி? அடுப்படி, பந்தி எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும்."

"ஆகட்டும்ணே."

"முத நாளே, சரியா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இல்லண்ணே. ஒடம்பு இன்னும் சேரல. நைட்டுத் தங்கல் ஒத்துக்காது. காலையில வாரேன். தாலி கட்டுறதுக்குள்ள வந்துருவேன்."

"அட, பவுடரு ரெண்டு பாக்கெட்டு அனுப்பட்டா? ஒடம்பு தேறிரும்."

"எனக்கு வேண்டாம்ணே. அம்புட்டையும் கல்யாணத்துக்கு வச்சுக்க. எட்டு அண்டா ஆச்சே."

போனை வைத்தாள்.

எழுந்து போய்த் தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"பரண்ல ஏத்து. கல்யாணம் முடியட்டும், எறக்கிக்கலாம்."

ஏற்றினேன்.