நாற்பத்து மூன்றாம் தனிமமும் உன் அம்மாவின் இடுப்பெலும்பும்

அன்புள்ள கடுகுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவைப் பற்றிக் கடிதத்தின் பின்பாதியில் எழுதியிருக்கிறேன், தாண்டிக் குதித்து அங்கே போகாதே, வரிசையாகப் படி. பத்தொன்பது வயதில் அப்பா ஆனவனுக்கு நயமாக எழுத இன்னும் வரவில்லை.

டெக்னீசியம் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கணும், நீங்க தினமும் புழங்குறதுதானே, எழுதி அனுப்புங்க என்று கேட்டிருந்தாய். தனிம அட்டவணையில் நாற்பத்து மூன்றாவது இடம் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக மூக்குடைபட்டார்கள். இதற்கு நிலையான அணுவே கிடையாது, பூமி உண்டானபோது இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்துவிட்டது, யுரேனியத் தாதுவில் இருப்பது பெயருக்குத் துளி. 1937இல், அணுத்துகள்களை வேகமாக மோதவிடும் எந்திரத்தில் அடிவாங்கிய மாலிப்டினத் தகடு ஒன்றில்தான் அகப்பட்டது. மனிதன் செய்த முதல் தனிமம், பெயருக்கே செயற்கை என்றுதான் அர்த்தம். வெள்ளிபோல மின்னும் சாம்பல் நிற உலோகம் என்று புத்தகத்தில் இருக்கும், பதினைந்து வருடமாகக் கையாண்டும் நான் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை ஈயக் கவசத்துக்குள் கதிர்வீசும் மாலிப்டினம் வரும், அது சிதையச் சிதைய உள்ளே டெக்னீசியம் ஊறும், தினம் காலையில் உப்புநீரை விட்டு அதை இழுத்தெடுப்போம், தண்ணீர் மாதிரிதான் இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் அந்தக் கவசத்துக்கு மாடு என்று பெயர், நாங்கள் செய்வது கறவை. சின்ன வயதில் நீ அது புல் தின்னுமா என்று கேட்டு நான் எரிந்து விழுந்திருக்கிறேன். நாங்கள் கறப்பது ஆறு மணி நேரத்தில் பாதியாகும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகும், அதனால்தான் துணிந்து உடம்பில் ஏற்றுகிறோம். எலும்பைத் தேடிப்போகும் மருந்தோடு சேர்த்து ஊசி போட்டால், எலும்பில் எங்கே கோளாறோ அங்கே குவியும், கேமராவில் கரும்புள்ளியாகத் தெரியும், மிச்சம் சிறுநீரில் போய்விடும். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

மார்பில் புற்றுநோய்க்கு அறுவை முடிந்ததிலிருந்து அம்மாவுக்கு வருடம் ஒரு ஸ்கேன் எடுப்பது உனக்குத் தெரியும். நான்கு மாதம் முன்பு எடுத்ததில் ஒன்றுமில்லை என்று போனில் சொன்னேன். தெரிந்து சொன்ன பொய்யில்லை, அதைவிட மோசம். சொந்தக்காரர்களை நாமே எடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் வழக்கம், அடுத்தவர் கையை நம்பாமல் நானே ஊசி போட்டு நானே படுக்கவைத்தேன். இடது இடுப்பில் ஒரு புள்ளி இருந்தது. துணியில் ஒரு சொட்டு சிறுநீர் பட்டாலும் அப்படித்தான் தெரியும், வாரத்தில் இரண்டு பேருக்காவது ஆகும். துடைத்து, துணி மாற்றி, இன்னொரு பத்து நிமிடம் எடுத்தால் கறை மறைந்துவிடும், எலும்பில் இருப்பது மறையாது. இதைச் செய்யாத பயிற்சிப் பெண்ணை அழும்வரை திட்டியவன் நான். அன்றைக்கு வெளியே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குப் பொறுமையில்லை, கறை என்றே குறிப்பு எழுதினேன், டாக்டரும் என் கையெழுத்தைப் பார்த்து நம்பிவிட்டார். அதோடு விட்டேனா, ஒழுங்கா சுத்தம் பண்ணிட்டு வரத் தெரியாதா என்று அவளிடம் சுள்ளென்று விழுந்தேன். முகம் சுண்டிப்போய் உள்ளே போனவள், அன்று கட்டியிருந்த பாவாடையை வீட்டில் இரண்டு முறை துவைத்தாள்.

போன மாதத்திலிருந்து அம்மா நடக்கும்போது இடது காலை இழுக்கிறாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பயிற்சிப் பெண்தான் எடுத்தாள், துணி மாற்றி இரண்டாம் முறையும் எடுத்தாள். அதே இடத்தில் புள்ளி பெரிதாக இருக்கிறது, முதுகெலும்பில் புதிதாக இரண்டு. டாக்டரிடம் என் தப்பைச் சொல்லிவிட்டேன். நாலு மாசம் முன்னாடி பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதுப்பா என்றார், திட்டியிருக்கலாம். அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா, அன்னைக்கு நான் ஒழுங்கா சுத்தமா வந்திருந்தா அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், என்னாலதான் எல்லாம் கெட்டுச்சு என்கிறாள். மூன்று நாளாக அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

வருகிற திங்கள்கிழமை சிகிச்சை ஆரம்பம். அவ பரீட்சைத் தாள் திருத்துறா, தொந்தரவு பண்ணாதீங்க என்று அம்மா தடுத்தாள், நீ அதைக் கேட்காதே, இதைக் கூரியரில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. பயணத்தில் தூங்கு, வெறும் வயிற்றோடு வராதே. நீ நீண்ட ஆயுளோடு, என்னைவிடப் பொறுமையோடு இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வா. வாசலில் என் முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிட்டேனா இல்லையா என்று உனக்குத் தெரிந்துவிடும். சொல்லியிருக்காவிட்டால், செருப்பைக் கழற்றுமுன் இதை அவள் கையில் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா